ரூட்டர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

நமது இதழில் பருப்பு விலை, வரி விவகாரம், எடைக்கல் முத்திரை என்று எழுதுவது வழக்கம். மரவேலை எந்திரத்தைப் பற்றி இங்கே எழுத என்ன இருக்கிறது என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கலாம். மளிகைக் கடையில் சரக்குக்கு அடுத்தபடியாகப் பணம் போய் உட்காருவது மரத்தில்தான். ரேக், கவுண்டர், கண்ணாடி அலமாரி, கல்லாப்பெட்டி, கிடங்கில் போடும் பலகை எல்லாம் மரமும் பிளைவுட்டும்தான். ஒரு பலகை வளைந்தால், ஒரு டிராயர் இறுகிப் போனால், அந்தச் சிறு வேலைக்குத் தச்சர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், நான்கு நாள் வேலை இருந்தால் சொல்லுங்கள், வருகிறேன் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அரை நாள் வேலைக்காகக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வருவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

ஆகவே நம்மவர் பலர் வீட்டு மாடியிலோ கிடங்கின் பின்புறத்திலோ சிறிய பட்டறை வைத்துக்கொண்டு சில்லறை வேலைகளைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். டிரில்லிங் மெஷின் முதலில் வருகிறது. அறுக்கும் மெஷின் அடுத்து வருகிறது. மூன்றாவதாக எதை வாங்குவது என்ற கேள்வி வரும்போது ரூட்டர் என்ற பெயர் அடிபடுகிறது. கம்ப்யூட்டர் பில்லிங்குக்கு வைத்திருக்கிறோமே, அந்த இன்டர்நெட் ரூட்டர் அல்ல. இது மரத்தில் காடி எடுக்கவும், ஓரத்தை உருட்டவும், மைக்கா விளிம்பைச் சீவவும் பயன்படும் கைமெஷின்.

நான் மொத்த வியாபாரத்தில் இருப்பவன். இந்த எந்திரங்களை விற்பவன் அல்ல. எனவே எந்தக் கம்பெனிக்கும் சிபாரிசாக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து ஆண்டுகளாக இந்த மெஷினைக் கையாண்ட பழக்கத்தில், வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். அதை நம்மவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எந்த வேலைக்கு?

மெஷின் கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தில் செய்ய வேண்டிய வேலைகளை எழுதிக்கொள்ள வேண்டும். மளிகைக் கடைக்காரருக்கு வரும் வேலைகள் பெரும்பாலும் ஐந்தே ஐந்துதான். ரேக்கின் பக்கப் பலகையில் தட்டு உட்காரக் காடி எடுப்பது, கண்ணாடி ஓடுவதற்குக் காடி எடுப்பது, கவுண்டர் ஓரத்தை உருட்டுவது, ஒட்டிய மைக்காவின் விளிம்பைச் சீவுவது, டிராயரின் அடிப்பலகைக்குப் பள்ளம் எடுப்பது. கதவு நிலை செதுக்குவது, பூவேலைப்பாடு செய்வது போன்றவை நமக்கு அபூர்வம். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் தேவைக்கு மீறிய மெஷினை வாங்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

இவற்றில் ரேக் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் விபத்து நடப்பது அங்கேதான். 15 கிலோ எண்ணெய் டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றடி அகலத் தட்டில் ஒரு வரிசையில் மூன்று டின் நிற்கும். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் 90 கிலோ. நம் ஊர் வழக்கப்படி தட்டைப் பக்கப் பலகையோடு சேர்த்து வெளியிலிருந்து ஸ்க்ரூ முடுக்கிவிடுகிறோம். அந்த ஸ்க்ரூ பிளைவுட்டின் முனைக்குள், அதாவது அடுக்குகளுக்கு நடுவே போகிறது. பிளைவுட்டின் முகத்தில் ஸ்க்ரூவுக்கு இருக்கும் பிடிப்பு முனையில் இருப்பதில்லை. 90 கிலோவும் நான்கு ஸ்க்ரூவின் மேல் தொங்குகிறது. ஓராண்டு, இரண்டாண்டு தாங்கும். பிறகு ஒரு நாள் தட்டு ஒரு பக்கம் இறங்கும்.

பக்கப் பலகையில் காடி எடுத்துத் தட்டை அதற்குள் உட்கார வைத்தால் எடை முழுவதும் மரத்தின் மேல் மரமாக இறங்குகிறது. ஸ்க்ரூவுக்குத் தட்டை இழுத்துப் பிடிக்கும் வேலை மட்டும்தான். 18 மி.மீ. பலகையில் 6 மி.மீ. ஆழக் காடி போதும். மூன்றில் ஒரு பங்கு என்பது கணக்கு. உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இதைச் செய்ய நல்ல கைத்தேர்ச்சி வேண்டும். ரூட்டர் இருந்தால் புதிதாகப் பழகுபவரே ஒரு காடியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 18 மி.மீ. என்று நாம் வாங்கும் பிளைவுட் அளந்து பார்த்தால் பல நேரம் 18 இருக்காது; கொஞ்சம் குறைவாக இருக்கும். 18 மி.மீ. பிட்டை வாங்கிக் காடி எடுத்தால் தட்டு ஆடும். ஆகவே தட்டின் துண்டு ஒன்றையே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். பக்கப் பலகையின் மேல் அந்தத் துண்டை நிமிர்த்தி வைத்து, இரு புறமும் நேரான இரண்டு பிளைவுட் பட்டைகளை அதை ஒட்டி நிறுத்திக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிறகு துண்டை எடுத்துவிடுங்கள். மேல் பக்கம் பேரிங் உள்ள 12 மி.மீ. நேர் பிட்டை மாட்டி, பேரிங் அந்தப் பட்டைகளில் உரசிக்கொண்டே போகும்படி ஒரு ஓரம் போய், மறு ஓரம் திரும்பினால் காடியின் அகலம் தட்டின் கனத்துக்குச் சரியாக இருக்கும். ஸ்கேல் தேவையில்லை. பட்டைகளும் 18 மி.மீ. கனத்தில் இருந்தால் பேரிங் உரச இடம் கிடைக்கும். 6 மி.மீ. ஆழத்தை ஒரே இழுப்பில் எடுக்காமல் மூன்று மூன்றாக இரண்டு தடவையில் எடுக்க வேண்டும்.

கண்ணாடி ஓடும் காடிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 5 மி.மீ. கண்ணாடிக்கு 6 மி.மீ. அகலக் காடி. கீழ்க் காடி 5 மி.மீ. ஆழம் என்றால் மேல் காடி 10 மி.மீ. இருக்க வேண்டும். அப்போதுதான் கண்ணாடியை மேலே தூக்கி உள்ளே விட்டுக் கீழே இறக்க முடியும். துடைக்கவும் அப்படியே கழற்றலாம். இரண்டையும் ஒரே ஆழத்தில் எடுத்துவிட்டால் கண்ணாடியை ஏற்ற வழி இருக்காது.

இரண்டு வகை மெஷின்

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று டிரிம்மர் என்று நம் தச்சர்கள் சொல்லும் சிறிய ரூட்டர். ஒரு கையால் பிடிக்கலாம். எடை இரண்டு கிலோவுக்குள் இருக்கும். சக்தி 350 வாட்டிலிருந்து 710 வாட் வரை. மைக்கா சீவுவதற்கென்றே வந்த மெஷின் இது. ஆனாலும் சிறிய காடி, ஓரம் உருட்டுவது எல்லாம் செய்யும். மற்றொன்று பெரிய பிளஞ்ச் ரூட்டர். இரு பக்கமும் கைப்பிடி, இரண்டு கம்பித் தூண்கள், அவற்றில் மெஷின் ஸ்பிரிங்கோடு மேலும் கீழும் இறங்கும். 1200 வாட்டிலிருந்து 2100 வாட் வரை உண்டு. எடை மூன்றரை கிலோவிலிருந்து ஆறு கிலோ வரை போகும்.

பிளஞ்ச் என்பது ஒரு பெரிய வசதி. பலகையின் நடுவில், ஓரத்தைத் தொடாமல், ஒரு இடத்தில் இறங்கி இன்னொரு இடத்தில் ஏற வேண்டிய காடிக்கு அது வேண்டும். சாதாரண அடித்தட்டு உள்ள டிரிம்மரில் மெஷினைச் சாய்த்து இறக்க வேண்டியிருக்கும். அது நல்ல முறை அல்ல, பிட்டு உதைக்கும். ஆனால் இப்போது சில டிரிம்மர்களுக்குத் தனியாகப் பிளஞ்ச் அடித்தட்டும் கிடைக்கிறது. மகிட்டாவின் ஆர்.டி.0700 வகை அப்படிப்பட்டது. 710 வாட், வேகம் 10,000 முதல் 30,000 சுற்று வரை கூட்டிக் குறைக்கலாம். பிளஞ்ச், சாயும் அடித்தட்டு, மூலைக்குள் போகும் அடித்தட்டு என்று மாற்றி மாற்றி மாட்டலாம். பாஷ் ஜி.கே.எஃப்.550 அதைவிட எளிமையானது: 550 வாட், 33,000 சுற்று, வேகத்தை மாற்ற முடியாது. மைக்கா வேலைக்கும் சிறிய உருட்டுக்கும் அது தாராளம். பெரிய வகையில் பாஷ் ஜி.ஓ.எஃப்.130 என்பது 1300 வாட், 11,000 முதல் 28,000 சுற்று. மகிட்டா ஆர்.பி.2301 என்பது 2100 வாட், 9,000 முதல் 22,000 சுற்று. அது தொழில்முறைத் தச்சருக்கான மெஷின். ஒவ்வொரு வகையும் எந்த அளவில் இருக்கிறது என்று தெரிவதற்காகவே இந்தப் பெயர்களைச் சொன்னேன். வேறு கம்பெனிகளிலும் இதே அளவுகளில் கிடைக்கின்றன.

காலெட் என்னும் வாய்

நம்மவர்கள் வாட்டைக் கேட்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள், கியாரண்டி கேட்கிறார்கள். காலெட் அளவைக் கேட்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்தான் காலெட். அதன் அளவு 6 மி.மீ., கால் அங்குலம், 8 மி.மீ., 12 மி.மீ., அரை அங்குலம் என்று ஐந்து விதமாக நம் சந்தையில் கிடக்கிறது. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. பார்வைக்கு 6 மி.மீ. தண்டும் கால் அங்குலத் தண்டும் ஒன்று போலவே இருக்கும். விற்பவரே சில சமயம் "எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி, முடுக்கினா பிடிச்சுக்கும்" என்று சொல்லிவிடுவார்.

பிடிக்காது. எனக்குத் தெரிந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவரின் மகன் கால் அங்குலக் காலெட்டில் 6 மி.மீ. பிட்டைப் போட்டு முடுக்கி ரேக்குக்குக் காடி எடுத்தான். ஓடும்போதே பிட்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நழுவியது. 6 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய காடி மறுமுனையில் 10 மி.மீ.க்கு மேல் இறங்கிவிட்டது. பலகை வீணானதோடு போயிற்று; பிட்டு முழுதாகக் கழன்று பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தகப்பனார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னொரு அன்பர் ஆன்லைனில் மெஷினை வரவழைத்தார். காலெட் 12 மி.மீ. உள்ளூரில் அரை அங்குல பிட்டு செட் ஒன்றை அதே நாளில் வாங்கிவிட்டார். தண்டு உள்ளேயே போகவில்லை. இவருக்குப் பணம் மட்டும்தான் நஷ்டம்.

ஆகவே மெஷினோடு வரும் காலெட்டின் அளவை அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். பெட்டியில் அச்சடித்ததை மட்டும் நம்பக்கூடாது. உங்கள் ஊர்க் கடையில் எந்தத் தண்டு அளவில் பிட்டு அதிகம் கிடைக்கிறது என்பதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பிட்டு கிடைக்காத அளவில் மெஷின் வாங்குவது, ரீபில் கிடைக்காத பேனா வாங்குவது போலத்தான்.

தடித்த தண்டு ஏன் நல்லது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தண்டின் விட்டம் இரண்டு மடங்கானால் வளையாமல் நிற்கும் உறுதி பதினாறு மடங்காகிறது. கால் அங்குலத் தண்டில் அதிரும் வேலை அரை அங்குலத் தண்டில் அமைதியாக நடப்பது இதனால்தான். பெரிய பிட்டுகள் எல்லாம் தடித்த தண்டிலேயே வருவதும் இதனால்தான்.

வாட்டும் மின்சாரமும்

பெட்டியில் போட்டிருக்கும் வாட் மெஷின் இழுக்கும் மின்சாரத்தின் அளவு. மரத்தின் மேல் கிடைக்கும் சக்தி அதைவிடக் குறைவு. பெயர் தெரியாத சில மெஷின்களில் பெட்டியின் மேல் பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள். கையில் எடுத்தால் எடையே இருக்காது. செம்புக் கம்பி சுற்றிய மோட்டாருக்கு ஒரு எடை உண்டு. தராசு பிடித்துப் பழகிய கைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டு வயரிங்கையும் பார்க்க வேண்டும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1380 வாட் வரைதான் கணக்கு. 1600 வாட், 2100 வாட் மெஷின் என்றால் மோட்டாருக்கும் கிரைண்டருக்கும் போடுவது போல 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் தடித்ததாக இருக்க வேண்டும். சுருளை முழுவதும் அவிழ்த்துவிட்டே ஓட்ட வேண்டும்; சுருட்டியபடி ஓட்டினால் சூடேறும். கரண்ட் இல்லாத நேரத்தில் கடை இன்வெர்ட்டரில் பெரிய ரூட்டரை மாட்டிப் பார்க்க வேண்டாம். பில்லிங் கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்துவிடும். பேட்டரி டிரிம்மர்கள் 18 வோல்ட்டில் வந்துள்ளன, நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் அதே கம்பெனி பேட்டரியில் ஓடும் வேறு மெஷின் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குத்தான் அது லாபம்.

வேகம் கூட்டிக் குறைக்கும் வசதி

இதைத் தேவையில்லாத அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. 12 மி.மீ. விட்டமுள்ள பிட்டு 30,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 75 மி.மீ. விட்டமுள்ள பெரிய பிட்டை 22,000 சுற்றில் விட்டால் விளிம்பின் வேகம் மணிக்கு 310 கிலோமீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் ஓட அந்தப் பிட்டு செய்யப்படவில்லை. பிட்டு பெரிதாக ஆக வேகத்தைக் குறைக்க வேண்டும். 25 மி.மீ. வரை உயர்ந்த வேகம் சரி. 50 மி.மீ.க்கு மேல் போனால் 16,000க்குக் கீழே இறக்க வேண்டும். மிகப் பெரியதற்கு 12,000 அளவில் வைக்க வேண்டும். பிட்டின் உறையிலேயே அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும். அதை மீறக்கூடாது.

சிறிய பிட்டுக்கும் இந்த வசதி பயன்படும். மரம் கருகினால் வேகத்தைச் சற்று குறைத்து, கையைச் சற்று வேகமாக நகர்த்தினால் கருகல் நின்றுவிடும். வேகம் மாற்ற முடியாத மெஷின் வாங்குபவர் 25 மி.மீ.க்கு மேற்பட்ட பிட்டின் பக்கமே போகக்கூடாது. மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும் ஏற்பாடு இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் சுவிட்ச் போட்டவுடன் ஆறு கிலோ மெஷின் கையில் ஒரு குலுக்குக் குலுக்கும்.

இடையில் ஒரு விஷயம். "எங்கிட்ட டிரில்லிங் மெஷின் இருக்கு, அதுல இந்தப் பிட்டைப் போட்டா ஆகாதா?" என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. ஆகாது. டிரில்லிங் மெஷின் மூவாயிரம் சுற்றுக்குள் ஓடுவது. அதன் வாய் நேராக அழுத்தும் வேலைக்குச் செய்தது. பக்கவாட்டில் இழுத்தால் மரமும் கிழியும், வாயும் கழலும்.

கடையில் நின்று என்ன பார்ப்பது

பெட்டியைத் திறந்து கவுண்டர் மேல் வைக்கச் சொல்லுங்கள். மெஷினைப் பிளக்கில் மாட்டாமல், தலையைப் பிடித்துக்கொண்டு பிளஞ்சை இறக்கி ஏற்றுங்கள். ஒரே சீராக இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் சிக்கிக்கொள்ளும் மெஷின் நாளைக்கு வேலையிலும் சிக்கும். பாதி ஆழத்தில் பூட்டிவிட்டு ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். அடித்தட்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், சமமாக உட்கார வேண்டும். ஸ்பிண்டிலை விரலால் சுற்றிப் பாருங்கள், பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்.

சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். இரண்டு கைப்பிடியையும் விடாமல் விரலால் அணைக்க முடிய வேண்டும். மேலே எங்கோ இருக்கும் சுவிட்சை எட்ட ஒரு கையை எடுக்க வேண்டிய மெஷின், அவசரத்தில் ஆபத்து. பிட்டு மாற்ற ஸ்பிண்டில் பூட்டும் பொத்தான் இருக்கிறதா, இரண்டு ஸ்பானரா என்று பாருங்கள். இரண்டும் சரிதான், ஆனால் இரண்டாவதில் ஸ்பானர் தொலைந்தால் அதே அளவில் கிடைக்க வேண்டும். நேர்ப்பட்டைக் கைடு, தூசி உறிஞ்சும் குழாய் மாட்டும் வாய் கூடவே வருகிறதா என்றும் கேளுங்கள். கார்பன் பிரஷ் வெளியிலிருந்தே ஸ்க்ரூடிரைவரால் கழற்றும்படி இருந்தால் நம்மாலேயே மாற்ற முடியும். ஒரு ஜோடி பிரஷ் மெஷினோடு சேர்த்தே வாங்கி வைப்பது நல்லது. பேரிங், சுவிட்ச், ஆர்மேச்சர் இந்த ஊரில் கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் விற்பவரின் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

என் கருத்து

ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும், அதில் எல்லாமும் ஓரளவுக்கு நடக்க வேண்டும் என்பவருக்கு 1200 முதல் 1600 வாட்டுக்குள், வேகம் மாற்றக்கூடிய, நான்கு கிலோவை ஒட்டிய பிளஞ்ச் ரூட்டர் ஏற்றது. காலெட் இரண்டு அளவு கூடவே வர வேண்டும். 1850 வாட், ஆறு கிலோ, ஒரே வேகம் என்று மலிவாகக் கிடைக்கும் பெரிய மெஷின்களை நம்மவர் அதிகம் வாங்குகிறார்கள். கதவு வேலைக்கு அது சரி. ஒரு மைக்கா ஓரத்தின் மேல் அதை நிறுத்திப் பாருங்கள். முக்கால் பாகம் காற்றில் தொங்கும், சாய்ந்தால் மைக்கா போச்சு.

மளிகைக் கடைக்காரர் என்ற அளவில் மட்டும் கேட்டால், முன்னே சொன்ன ஐந்து வேலைக்கும் வேகம் மாற்றக்கூடிய 700 வாட் டிரிம்மரும் அதற்கு ஒரு பிளஞ்ச் அடித்தட்டும் போதும் என்பேன். காடிக்கு இரண்டு இழுப்பு அதிகமாகும், அவ்வளவுதான். நமக்கு என்ன, நாள் கூலியா கணக்கு? அறுபதைத் தாண்டியவர்களுக்கு எடையும் ஒரு விஷயம். கை நடுங்கும் பாரத்தோடு சுற்றும் பிட்டைப் பிடிப்பதைவிட இலேசான மெஷினில் இரண்டு தடவை போவது மேல். இதை மறுத்து, அரை அங்குலம் இல்லாத ரூட்டர் பொம்மை என்று வாதாடும் தச்சர்கள் உண்டு. அவர்கள் தொழிலுக்கு அவர்கள் சொல்வது சரி.

பிட்டுகள்

மெஷினின் விலையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பிட்டின் விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முப்பது பிட்டு கொண்ட மரப்பெட்டி செட் மலிவாகக் கிடைக்கிறது. அதில் இருபத்தைந்து தொடப்படாமலே கிடக்கும். தொடும் ஐந்தும் சீக்கிரம் மழுங்கும். அதற்குப் பதில் நல்ல கார்பைடு முனையுள்ள பிட்டுகளைத் தனித்தனியாக வாங்கலாம். 6 மி.மீ. நேர் பிட்டு ஒன்று, மேல் பேரிங் உள்ள 12 மி.மீ. நேர் பிட்டு ஒன்று, மைக்கா சீவ அடியில் பேரிங் உள்ள பிட்டு ஒன்று, 6 மி.மீ. ஆர உருட்டு பிட்டு ஒன்று. சாய்வாகச் சீவ 45 டிகிரி பிட்டு வேண்டுமானால் ஐந்தாவதாக. சாதாரண எஃகு பிட்டு மென்மரத்துக்கு ஆகும். பிளைவுட்டில் உள்ள பசையும் எம்.டி.எஃப். பலகையும் அதை விரைவில் மழுக்கிவிடும். தேக்கிலும் மணல்சத்து இருப்பதால் எஃகு தாங்காது.

மைக்கா ஒட்டும் பசை பேரிங்கில் ஏறினால் பேரிங் சுற்றாமல் பிட்டோடு சேர்ந்து சுழலும். உடனே மைக்கா ஓரத்தில் கறுப்புக் கோடு விழும். வேலை முடிந்ததும் பிட்டைக் கழற்றி, தின்னர் தொட்ட துணியால் வெட்டு முனையையும் பேரிங்கின் வெளிப்புறத்தையும் துடைக்க வேண்டும். பேரிங்கைத் தின்னரில் ஊறவைத்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும்.

விரல்கள்

தராசும் கல்லாவும் ஓட்ட பத்து விரலும் வேண்டும் நமக்கு. பிட்டை மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். தண்டை முழுவதும் உள்ளே விட்டு, இரண்டு மூன்று மி.மீ. வெளியே இழுத்துப் பிறகு முடுக்க வேண்டும். அடியில் முட்டிக்கொண்டு நின்றால் காலெட் சரியாகக் கவ்வாது. கண்ணாடி போடுவது, காதில் அடைப்பான் வைப்பது கட்டாயம். கையுறை போடக்கூடாது, நூல் சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுங்கள் அல்லது கால்சட்டை போடுங்கள். மேல்துண்டைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள்.

நகர்த்தும் திசை மிக முக்கியம். கையில் பிடித்த ரூட்டரின் பிட்டு மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் சுற்றும் திசையில் சுழலும். பலகை உங்களுக்கு முன்னால், அதன் ஓரம் உங்களைப் பார்த்து இருந்தால் இடமிருந்து வலமாக நகர்த்த வேண்டும். அப்போது பிட்டு மரத்தை எதிர்த்து வெட்டும்; மெஷின் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். வலமிருந்து இடமாகப் போனால் பிட்டு சக்கரம்போல் ஓடி மெஷினைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஒரு பலகையின் நான்கு ஓரத்தையும் சுற்றி வருவதானால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுவது சரி. மெஷினை மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தினால் கணக்கும் தலைகீழாகும். பலகையை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். கவுண்டர் பலகையை உருட்டும்போது குறுக்கு முனைகளை முதலில் முடித்து, நீள ஓரங்களைப் பிறகு எடுங்கள். மூலையில் சிம்பு தெறித்திருந்தாலும் நீள ஓரம் எடுக்கும்போது மறைந்துவிடும்.

தூசியைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ரூட்டரின் தூள் ரம்பத்தூளைவிட நைசானது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் 1995ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. கைக்குட்டை கட்டினால் போதாது, நல்ல முகமூடி வேண்டும். அதைவிடப் பெரியது, மெஷினைச் சரக்குக் கிடங்கில் ஓட்டவே கூடாது என்பது. மைதா, அரிசி மூட்டைகளின் வாய் திறந்திருக்கும் இடத்தில் எம்.டி.எஃப். தூள் பறந்தால் சரக்கு கெடும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தால் பதில் சொல்ல முடியாது. மாவுத்தூசி காற்றில் அடர்ந்திருக்கும் இடத்தில் பிரஷ் மோட்டாரின் பொறி தீயையும் மூட்டக்கூடும். சுவர் தள்ளிய தனி இடம், திறந்த மாடி, இவையே பட்டறைக்கு ஏற்றவை.

பில்லும் வரியும்

கடை ரேக் வேலைக்காக வாங்குவதானால் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துப் பில் வாங்குங்கள். 2017 ஜூலை முதல் இருந்துவரும் இந்த முறையில், சாதாரணப் பதிவில் உள்ளவர்கள் வியாபாரத்துக்குப் பயன்படும் கருவியின் வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதைக் கடைக் கணக்கில் ஏற்ற வேண்டாம், ஆடிட்டர் கேட்பார். பில்லில் மெஷினின் மாடலும் சீரியல் எண்ணும் எழுதியிருக்க வேண்டும். அது இல்லாத கியாரண்டி அட்டை சர்வீஸ் சென்டரில் செல்லாது என்று திருப்பி அனுப்பிய சம்பவங்கள் உண்டு.

பழைய மெஷின் வாங்குவோர் ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். காற்றுத் துவாரம் வழியே பார்த்தால் பிரஷ் அருகில் சிறு நீலப்பொறி தெரிவது இயல்பு. வட்டமாக நெருப்பு வளையம் தெரிந்தால் ஆர்மேச்சர் போய்விட்டது. காலெட்டின் உள்வாயில் கீறலோ கறுப்போ இருந்தால் அதன் விலையைக் கழித்துக்கொண்டு, புதுக் காலெட் அதே மாடலுக்குக் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.